நாலு மணிக்கு வந்த விரல்

1

ஸ்டேஷன் போன் ஒன்பது முறை அடித்தது.

பத்தாவது மணிக்குத்தான் இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"சொல்லுங்க..."

"சார்... எங்க பண்ணைக் குட்டையில... எங்க அண்ணன்... மிதக்கறாரு சார்!"

இன்ஸ்பெக்டர் கண்களை மூடிக்கொண்டார். காலை மணி ஏழே முக்கால். இன்னும் டீ கூட வரவில்லை.

"உயிர் இருக்கா?"

"முதுகுதான் சார் தெரியுது..."

"யாரும் தண்ணியில இறங்காதீங்க. வர்றோம்."

ரிசீவரை வைத்துவிட்டு, நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எழுந்தார். முட்டிகள் முனகின. ரிட்டயர் ஆக இன்னும் எழுபது நாள்.

"எழுபது நாள்! அதுவரைக்கும் இந்த ஏரியாவுல யாரும் சாகாம இருந்தா என்ன குறைஞ்சுடப் போகுது?"

"நோட்டீஸ் அடிச்சு ஒட்டிடலாமா சார்?" என்றாள் ஏட்டம்மா, ஜீப் சாவியை எடுத்தபடி.

ஏட்டம்மாவுக்கு வயது நாற்பத்தாறு. எதற்கும் பதில் வைத்திருப்பாள்.

குட்டை பெரியது. நான்கு பக்கச் சரிவிலும் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்தார்கள். கால் வைத்தால் வழுக்கும். கரையில் துருப்பிடித்த ஒரு பலகை...

'அரசு மானியத்தில் அமைக்கப்பட்டது.'

கயிறு போட்டு இழுத்தார்கள்.

அறுபது வயது இருக்கும். நரைத்த தாடி. பின்மண்டையில் வெட்டு விழுந்த மாதிரி ஒரு காயம். தண்ணீர் அதைச் சுத்தமாகக் கழுவி வைத்திருந்தது.

"கால் வழுக்கி விழுந்திருப்பாரோ?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"வழுக்கி விழுந்தாலும் மண்டை பிளக்க ஏதாவது வேணுமே. உள்ள கல்லே இல்லை... வெறும் ஷீட்டு." இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "யாரோ வேலை வெச்சுட்டான்."

போன் செய்த தம்பிக்காரர் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அழுது அழுது குரல் போயிருந்தது.

"உங்க கூடத்தான் இருந்தாரா?"

"இல்ல சார். ஏழு வருஷமா வெளியூரு. மூணு நாள் முன்னாடிதான் வந்தாரு. நேத்து சாயங்காலம் நான் வந்தப்ப ஆளைக் காணோம். முன்ன மாதிரியே சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டாருன்னு நினைச்சேன்... காலையில மோட்டார் போட வந்தா..."



மோட்டார் ஷெட் வாசலில் தம்பிக்காரரின் மனைவி நின்றிருந்தாள். அழவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, குட்டையைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் இறந்தவரின் சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டார்.

ஊறிப்போன ஒரு துண்டுச் சீட்டு.

விவசாய மானிய அலுவலகம். டோக்கன் நம்பர் 46. நேற்றைய தேதி!

2

மானிய ஆபீஸில் மூன்று கவுன்ட்டர்கள். அதில் ஒன்றுதான் திறந்திருந்தது.

பெஞ்சுகளில் எழுபது எண்பது பேர். எல்லோர் மடியிலும் பிளாஸ்டிக் கவர். எல்லோர் முகத்திலும் ஒரே களைப்பு. ஃபேன் சுற்றியது, காற்றுதான் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் நேராகக் கவுன்ட்டருக்குப் போனார்.

"சார்... டோக்கன் எடுத்துட்டு உட்காருங்க" என்றார் முன்பெஞ்சு விவசாயி ஒருவர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

"நான் போலீஸ்."

"நாங்க காலையில ஆறு மணியிலேர்ந்து விவசாயிங்க சார்."

ஏட்டம்மா சிரிப்பை விழுங்கினாள்.

கவுன்ட்டர் கிளார்க் அம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். பக்கத்தில் கைரேகை மெஷின். விரல் வைக்கும் கண்ணாடியைச் சுற்றிச் செலோடேப்.

இன்ஸ்பெக்டர் இறந்தவரின் பெயர், ஊர், நில விவரம் எல்லாம் சொன்னார்.

"எட்டு ஏக்கர் பெரியவரா? அவருக்கென்ன சார்?"

"செத்துட்டார்."

"ஐயய்யோ! எப்போ?"

"நேத்து. மத்தியானம் பன்னெண்டிலேர்ந்து ரெண்டுக்குள்ள. டாக்டர் இப்பத்தான் போன்ல சொன்னார்."

கிளார்க் அம்மா கம்ப்யூட்டரைத் தட்டினாள். புருவம் சுருங்கியது.

"இருக்கவே இருக்காது சார்..."

"ஏன்?"

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு வந்து விரல் வெச்சுட்டுப் போனாரே!"

இன்ஸ்பெக்டரும் ஏட்டம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாப் பாருங்கம்மா."

"பார்த்துட்டேன் சார். நாலு மணி மூணு நிமிஷம். மெஷின் பச்சை காட்டியிருக்கு. நிலத்துக்காரர் நேர்ல வந்து விரல் வெச்சாத்தான் மானியம். ஏழு வருஷமா இதான் ரூல். ஒவ்வொரு போகத்துக்கும் வருவார். தங்கமான மனுஷன். என் பையன் படிப்பைப் பத்தி விசாரிக்காம போக மாட்டார்."

"அப்போ டோக்கன் நாப்பத்தாறு?"

"நாப்பத்தாறு..." அவள் முகம் மாறியது. "ஓ... அந்த ஆளா? காலையில பதினொன்னே கால். எட்டு ஏக்கர் பெரியவர் நான்தான்னு வந்து நின்னான் சார். விரலை வெச்சான். சிவப்பு லைட்டு! தொடைச்சுட்டு வெச்சான். சிவப்பு! மூணாவது தடவையும் சிவப்பு! 'அடுத்தவன் மானியத்துக்கு வந்தியா, போலீஸைக் கூப்பிடவா'ன்னு சத்தம் போட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்தார். அப்புறம் சிரிச்சார். 'அப்போ நான் யாரும்மா?'ன்னு கேட்டார்."

"நீங்க?"

"நாப்பத்தேழைக் கூப்பிட்டேன் சார்."

இன்ஸ்பெக்டர் செல்போனில் இருந்த பிணத்தின் படத்தைக் காட்டினார்.

"இவரா?"

கிளார்க் அம்மாவின் கை வாய்க்குப் போனது.

"இவர்தான்... காலையில வந்தவர் இவர்தான்!"

"நாலு மணிக்கு வந்தவர்?"

"இவர் இல்லவே இல்லை சார்!"

கவுன்ட்டருக்கு மேல் ஒரு கேமரா இருந்தது. அதிசயம்... வேலையும் செய்தது! கம்ப்யூட்டர் திரையில் நேற்றைய நாலு மணி ஓடியது. வெள்ளைச் சட்டை. படிய வாரிய தலை. கைக்குட்டையால் விரலைத் துடைத்துவிட்டு மெஷினில் வைக்கிறார். பச்சை!

ஏட்டம்மா திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"சார்! இது நம்ம கிரீஸ் சார்!"

"எந்தக் கிரீஸ்?"

"பம்ப்செட் மெக்கானிக் சார்! போன மாசம் ஸ்டேஷன் மோட்டாரை ரிப்பேர் பண்ணிட்டு, இன்னும் கூலி வரலைன்னு நடையா நடக்கறாரே... அவர்தான்!"

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"காலையில வந்தவர் ஏதாவது பேப்பர் குடுத்தாராம்மா?"

"ஒரு கவர் கொண்டு வந்திருந்தார். அந்த பெஞ்சுல உட்கார்ந்து, யார்கிட்டயோ பேனா வாங்கி, இன்னும் என்னவோ எழுதினார். எழுதி ஒட்டி மனுப் பெட்டியில போட்டுட்டுப் போயிட்டார். உள்ள நானூறு கவர் இருக்கு சார்."

"தேடி எடுங்க."

"இப்பவேவா?"

"கொலைக் கேஸும்மா!"

கிளார்க் அம்மா கவுன்ட்டரை விட்டு எழுந்தாள். பெஞ்சுகளில் எழுபது பெருமூச்சுகள் ஒன்றாகக் கிளம்பின.

"ஐம்பதுக்கு மேல டோக்கன் இருக்கறவங்க எல்லாம் நாளைக்கு வாங்க! கடைசி தேதிக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கில்ல... ஏன் அவசரப்படறீங்க?"

3

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த தம்பிக்காரரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

"எங்க சார் போறோம்?"

"மெக்கானிக் ஷெட்டுக்கு."

அதைக் கேட்டதும் அவர் தலை கவிழ்ந்தது. அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

கிரீஸ் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை கறுப்பு. ஆனால் பின்சுவரில் ஓர் ஆணியில், பிளாஸ்டிக் உறைக்குள், இஸ்திரி போட்ட ஒரு வெள்ளைச் சட்டை!

"கிரீஸு... உம் பேரு என்ன?" என்றாள் ஏட்டம்மா.

அவர் மெல்ல எழுந்தார். துணியில் கையைத் துடைத்தார். ஜீப்பில் இருந்த தம்பிக்காரரை ஒரு முறை பார்த்தார்.

பிறகு சொன்னது, இறந்தவரின் பெயரை!

"என்ன தைரியம்யா உனக்கு!" இன்ஸ்பெக்டர் ஓர் அடி முன்னால் வைத்தார். முட்டி வலித்தது. வைத்த அடியோடு நின்றுகொண்டார். "அந்தப் பேர்ல இருந்தவர் ஆஸ்பத்திரியில கிடக்கறார்!"

"அது யாரோ சார். எட்டு ஏக்கர் பெரியவர் நான்தான். மெஷினைக் கேளுங்க. என் விரலை வெச்சா பச்சை. அவர் விரலை வெச்சா சிவப்பு. பாங்க்குல கேளுங்க. கணக்கு என் விரல்லதான் ஓடுது. கவர்மென்ட் சொல்லுது நான்தான்னு. இல்லைங்கறதுக்கு நீங்க யாரு சார்?"

ஏட்டம்மா இன்ஸ்பெக்டரின் காதருகே முணுமுணுத்தாள்.

"கோர்ட்டுல இப்படிச் சொன்னா தலை சுத்திடும் சார்."

"எனக்கு இப்பவே சுத்துது."

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பக்கம் திரும்பினார்.

"இறங்கி வாங்க. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இவர் உங்க அண்ணனா?"

தம்பிக்காரர் இறங்கினார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏழு வருடத்து மானியம் பிழைக்கும். நிலம் பிழைக்கும். நர்சிங் படிக்கிற மகளின் ஃபீஸ் பிழைக்கும். குட்டையில் மிதந்தவர் யாரோ ஒரு வழிப்போக்கராகிவிடுவார்.

இல்லை என்று சொன்னால் ஜெயில்! வாங்கிய பணத்துக்கு இரண்டு மடங்கு வசூல்!

கிரீஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு கெஞ்சல்.

தம்பிக்காரர் இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பினார்.

"இல்ல சார்."

"சத்தமா..."

"குட்டையில கிடந்தவருதான் சார் என் அண்ணன்! என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய் ஸ்கூல்ல விட்ட அண்ணன்! இவரு... நான் கூட்டிட்டு வந்த ஆளு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை உட்கார்ந்தபடிதான் சொன்னார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அண்ணி இறந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. ஒரு நாள் அண்ணன் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். நிலம் மொத்தமும் அவர் பெயரில். அந்த வருடம்தான் விரல் ரூல் வந்தது. நிலத்துக்காரர் நேரில் வர வேண்டும்!

"அந்த வருஷம் மழை இல்ல. அடுத்த வருஷம் பூச்சி. மானியம் இல்லேன்னா விதைக்கே வழி கிடையாது சார். ஆபீஸுல அண்ணனை யாருக்கும் தெரியாது. முதல் தடவை விரல் பதியறப்ப இவரைக் கூட்டிட்டுப் போனேன். அண்ணன் வந்ததும் மாத்திக்கலாம்னு இருந்தேன். அவரும் வரல... நானும் மாத்தல."

இன்ஸ்பெக்டர் கிரீஸின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. அவர் திரும்பி வந்துட்டார். இனிமே உனக்குப் பங்கு கிடையாது. அதனாலதானே தீர்த்துட்டே?"

"பங்கா?" கிரீஸ் சிரித்தார். அது பாதியிலேயே அழுகையாக மாறியது. "ஒரு போகத்துக்கு அவரு குடுக்கறது, எனக்கு ரெண்டு நாள் கூலி சார்!"

"அப்புறம் எதுக்குய்யா போனே?"

"அந்த ஆபீஸுல என்னை ஐயான்னு கூப்பிடுவாங்க சார். உட்காருங்கன்னு நாற்காலி போடுவாங்க. இங்க... 'கிரீஸு, ஏய் கிரீஸு.' உங்க ஸ்டேஷனுக்கு எத்தனை தடவை வந்திருப்பேன்? ஒரு தடவை உட்காரச் சொன்னீங்களா?"

ஏட்டம்மாவிடம்கூட அப்போது பதில் இல்லை.

"நான் யாரையும் கொல்லல சார். அண்ணன்காரரு வந்ததே எனக்குத் தெரியாது. காலையில பிணம் கிடைச்சதுன்னு கேள்விப்பட்டதும் பயந்துட்டேன். பெரியவரு நான்தான்னு சொல்லிட்டா, செத்தவருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லைன்னு ஆயிடும்னு நினைச்சேன்."

"நேத்து நாலு மணிக்கு ஏன் போனே?"

"போன் வந்துச்சு சார். 'இன்னைக்குத்தான் கடைசி நாள், உடனே போய் விரலை வெச்சுடு'ன்னு..."

இன்ஸ்பெக்டரின் முகத்தில் இருந்த தூக்கம் கலைந்தது.

"கடைசி நாளா? இன்னும் பன்னெண்டு நாள் இருக்கே! யாரு போன் பண்ணினது?"

கிரீஸின் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. ஏட்டம்மா அவருடைய போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ரெண்டு மணி பத்து நிமிஷம் சார். 'எட்டு ஏக்கர் வீடு'ன்னு இருக்கு."

தம்பிக்காரர் துள்ளி எழுந்தார்.

"நான் இல்ல சார்! சத்தியமா நான் இல்ல! காலையில பத்து மணிக்கே மக்காச்சோளத்தை ஏத்திக்கிட்டு மண்டிக்குப் போயிட்டேன். எடை போட ஒண்ணேமுக்கால். கிளம்பறப்ப நாலரை. இதோ சீட்டு இருக்கு சார்! டைம் போட்டிருக்கான் பாருங்க... நான் வீட்டுலயே இல்ல சார்... வீட்டுல..."

சீட்டை நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.

அவர் வீட்டில் இல்லை.

அப்படியானால் வீட்டில் இருந்தது...

"உங்க பொண்ணு எங்க?" இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார்.

"ஹாஸ்டல்ல சார்."

அதற்கு மேல் யாருக்கும் எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை.

4

மானிய ஆபீஸ் வாசலில் கிளார்க் அம்மா காத்திருந்தாள். தலையெல்லாம் தூசி. கையில் ஒரு பழுப்புக் கவர்.

"முந்நூத்திப் பன்னெண்டாவது சார்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே பிரித்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"என்ன சார்?" என்றாள் ஏட்டம்மா.

"வண்டியை எடு."

"கம்ப்ளெயின்ட்டா சார்? தம்பி மேலயா?"

"எடும்மா வண்டியை."

பின்சீட்டில் தம்பிக்காரர் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டு வந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிற தெம்பு அவருக்கு இல்லை.

வீட்டு வாசலில் தம்பிக்காரரின் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஜீப்பைப் பார்த்தும் எழவில்லை. ஏற்கெனவே பளபளத்த ஒரு குடத்தை மறுபடி தேய்த்தாள்.

இன்ஸ்பெக்டர் வாசல்படியில் உட்கார்ந்தார்.

"நேத்து மத்தியானம் மெக்கானிக்குக்கு போன் பண்ணியாம்மா?"

"ஆமாங்க. மானியத்துக்குக் கடைசி நாளாச்சே..."

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு."

"எனக்கு... தேதி சரியாத் தெரியலைங்க."

"சரி. உங்க பெரிய மாமாதான் வீட்டுக்கு வந்துட்டாரே. நிஜமான ஆளே இருக்கறப்ப எதுக்கும்மா டூப்ளிகேட்டைக் கூப்பிட்டே? அவரே போய் விரல் வெச்சுப் பதிவை மாத்திக்கலாமே?"

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அவர் இனிமே போக மாட்டார்னு ரெண்டு மணிக்கே உனக்குத் தெரிஞ்சிருக்கு. அப்படித்தானே?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவருக்கு வேண்டாதவங்க யாராவது இருந்திருப்பாங்க..." என்றாள், குடத்தைப் பார்த்து.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து கவரை எடுத்தார்.

"நேத்து ஆபீஸுல உங்க மாமா ஒரு மனு குடுத்திருக்கார். படிக்கவா?"

அவள் முகம் சுண்டிப்போனது.

"வேண்டாங்க! தெரியும்... எங்களைப் பத்தித்தான் எழுதியிருப்பாரு! பக்கத்து ஊருல இப்படி ஒரு குடும்பத்தைப் பிடிச்சாங்க. மாட்டை ஓட்டிட்டுப் போனாங்க, டிராக்டரை இழுத்துட்டுப் போனாங்க, புருஷனும் பொண்டாட்டியும் ஜெயிலு. ஏழு வருஷமா ஒவ்வொரு தடவை வாசல்ல வண்டி நிக்கறப்பவும் எனக்கு நெஞ்சு நின்னு போகும்ங்க..."

"கேளும்மா."

அவர் படித்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"'எட்டு ஏக்கர் நிலத்தையும் என் தம்பி பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்திர நகல் இத்துடன் இருக்கிறது. இனி மானியத்தையும் அவர் பெயருக்கே மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.' இது வரைக்கும் டைப் அடிச்சது. இதுக்குக் கீழ பேனாவால எழுதியிருக்கார். கவுன்ட்டர்ல துரத்தி விட்டதுக்கு அப்புறம் எழுதினது."

தம்பிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"'உங்கள் மெஷினில் என் பெயரில் இருக்கும் விரல், நான் அனுப்பி வைத்த ஆளுடையது. நான் வெளியூரில் இருந்ததால் நானே செய்த ஏற்பாடு. தப்பு என்னுடையது. என் தம்பியையும் அவன் குடும்பத்தையும் இது குறித்துத் தொந்தரவு செய்ய வேண்டாம்.' அவ்வளவுதான்."

குடம் உருண்டது.

உருண்டு, வாசலைத் தாண்டி, ஜீப் சக்கரத்தில் முட்டி நின்றது.

"ஏங்க..." அவள் குரல் எங்கிருந்தோ வந்தது. "ஏங்க இதை ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லல அவரு?"

அவள் குட்டை இருக்கும் பக்கம் திரும்பினாள்.

"ஆபீஸுலேர்ந்து நேரா குட்டைக்குத்தான் வந்தாரு. கால் கழுவ உட்கார்ந்தாரு. 'யாரு விரலும்மா அது?'ன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பயமாயிடுச்சுங்க. அவரு கால்ல விழுந்தேன். 'தம்பி வரட்டும், சாயங்காலம் பேசிக்கலாம்'னாரு. அவ்வளவுதான் சொன்னாரு... சாயங்காலம் என்ன பேசப் போறாருன்னு... போலீஸோட வருவாருன்னு... திரும்பி உட்கார்ந்து முகம் கழுவிக்கிட்டிருந்தாரு. மண்வெட்டி பக்கத்துலயே கிடந்துச்சு..."

அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"விழுந்தவுடனேயே கையை நீட்டினேங்க. பிடிச்சு இழுத்துடலாம்னுதான் நீட்டினேன். ஷீட்டு வழுக்குது... எட்டலை... கத்தியிருந்தா யாராவது வந்திருப்பாங்க. கத்தலை. வீட்டுக்கு வந்து, விஷயம் வெளிய தெரியறதுக்குள்ள விரலை வெச்சுடட்டும்னு மெக்கானிக்குக்கு போனைப் போட்டேன்."

"அடிப்பாவி!" தம்பிக்காரர் கை ஓங்கிக்கொண்டு வந்தார்.

பாதி தூரம்தான் வந்தார். கை தானாக இறங்கியது. அவள் பக்கத்திலேயே, ஈரத்தரையில், உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"உனக்காகத்தானே..." என்றாள் அவள்.

"தெரியும்டி. பேசாதே."

5

மண்வெட்டி மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால் கிடைத்தது. காம்பைக் கழுவியிருந்தாள். இடுக்கில் போயிருந்த ரத்தத்தைக் கழுவத் தெரியவில்லை.

ஏட்டம்மா அவள் தோளில் கை போட்டு ஜீப்புக்கு அழைத்து வந்தாள். விலங்கு போடவில்லை. போடச் சொல்லி இன்ஸ்பெக்டரும் சொல்லவில்லை.

"நம்ம பொண்ணு போன் பண்ணினா என்னங்க சொல்லுவீங்க?" என்று ஜீப்பில் ஏறும்போது அவள் கணவனிடம் கேட்டாள்.

அவர் கீழே விழுந்திருந்த அவள் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தார்.

"சார்... நானும் வரணுமா?" என்றார் பிறகு. "ஏழு வருஷமா ஏமாத்தியிருக்கேனே..."

இன்ஸ்பெக்டர் மனுவை மடித்துக் கேஸ் கட்டில் வைத்தார்.

"ஆள் அனுப்பினது நான்தான்னு உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கார். குறுக்கு விசாரணை பண்ணலாம்னா அவர் வர மாட்டார். இதோட நகல் மானிய ஆபீஸுக்குப் போகட்டும். அவங்க இதைப் பிரிச்சுப் படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

"மெக்கானிக் சார்?" என்றாள் ஏட்டம்மா.

"ஆள்மாறாட்டத்துக்கு வாக்குமூலம் குடுக்கணும். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு." சற்று நிறுத்தினார். "அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வை. அந்தக் கூலி பாக்கியையும் கொடுத்துடு."

'அவருக்கு' என்றதை ஏட்டம்மா கவனித்தாள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கியபோதுதான்...

ட்ரிங்!

தம்பிக்காரரின் சட்டைப் பையில் செல்போன்.

ஒரு மெசேஜ். அவர் பார்த்தார். புரியவில்லை. மறுபடி பார்த்தார். போனை ஏட்டம்மாவிடம் நீட்டினார்.

ஏட்டம்மா படித்தாள். அவள் கண்கள் விரிந்தன.

"சார்!"

"இன்னும் என்னம்மா?"

"அண்ணன்காரர் பேருக்கு, இவர் நம்பர்ல வந்திருக்கு சார்! 'நேரில் வருகை தந்து கைரேகை பதிவு செய்தமைக்கு நன்றி. இந்தப் போகத்துக்கான மானியம் தங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.' நேத்து நாலு மணிக்கு விரல் வெச்சு, இன்னைக்கு நாலு மணிக்குப் பணம் வந்துடுச்சு சார்! அந்த பெஞ்சுல இருக்கறவங்க எல்லாம் எட்டு மாசமா அலையறாங்களே... எப்படி சார்?"

இன்ஸ்பெக்டர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே சீட்டில் சாய்ந்தார்.

"அவங்க பண்ற தப்பு அதானேம்மா... உயிரோட இருந்துக்கிட்டு அலையறாங்க!"